வீட்டில் படித்த பிள்ளை பள்ளியில் சேரும்போது: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

சில வருடங்களாக ஹோம்ஸ்கூலிங்கில் இருந்த பிள்ளை, பதிமூன்று பதினான்கு வயதில் "நான் ஸ்கூலுக்குப் போறேன்" என்று சொல்வது இப்போது அடிக்கடி நடக்கிறது. காரணம் ஒவ்வொரு வீட்டிலும் வேறு. லேப் வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்கும், நண்பர்கள் வேண்டும் என்று இன்னொன்று கேட்கும். சில வீடுகளில் அம்மா மறுபடி வேலைக்குப் போக வேண்டியிருக்கும். பெற்றோருக்கு உடனே வருகிற பயம், "பாடத்தில் பின்தங்கிவிடுவாளோ?" என்பதுதான்.

பிளஸ் ஒன் வகுப்பாசிரியையாக இருப்பதால் இப்படி வருகிற பிள்ளைகளைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். பாடம் புரியாமல் திணறுகிறவர்கள் குறைவு. அவர்கள் திணறும் இடமே வேறு. மூன்று மணி நேரம் விடாமல் கையால் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு கணக்கில் மனம் லயித்திருக்கும்போதே மணியடித்து வேதியியல் மிஸ் உள்ளே வந்துவிடுகிறார். அலுவலகத்தில் "டி.சி. எங்கம்மா?" என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருப்பதில்லை. இவை அறிவுக் குறைவால் வருவதில்லை, பள்ளி என்ற அமைப்பு பழகாததால் வருவது. அதனால் சேர்வதற்கு முன்னால் இருக்கிற மாதங்களை டியூஷனில் போட்டு நிரப்பாமல், இந்த அமைப்புக்குப் பழக்குவதில் செலவிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. தமிழ்நாட்டுப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

எந்த வகுப்பில் சேர்ப்பது

ஒன்பதில் சேருங்கள், அல்லது பதினொன்றில் சேருங்கள். பத்திலும் பன்னிரண்டிலும் நேரடியாகச் சேர்க்க முயல வேண்டாம். சி.பி.எஸ்.இ.யில் 9-ஆம் வகுப்பிலும் 11-ஆம் வகுப்பிலும்தான் மாணவரின் பெயரை வாரியத்தில் பதிவு செய்கிறார்கள். 10-உம் 12-உம் அந்தப் பதிவின் தொடர்ச்சி. நடுவில் வருகிறவருக்கு வாரியத்தின் அனுமதி வேண்டும், பள்ளிகள் அந்தச் சிக்கலை விரும்புவதில்லை. மாநிலப் பாடத்திட்டத்திலும் பத்தாம் வகுப்பு முழுக்கப் பொதுத்தேர்வு நெருக்கடியில் ஓடுகிற வருடம். பள்ளியையே புதிதாகப் பழக வேண்டிய பிள்ளையை அதற்குள் தள்ளுவது நியாயமில்லை.

இரண்டில் எது என்று கேட்டால் என் ஓட்டு பிளஸ் ஒன்னுக்கு. பத்து முடித்ததும் பலர் பள்ளி மாறுவார்கள், பழைய பிரிவுகள் கலைந்து குரூப் வாரியாக வகுப்புகள் புதிதாக உருவாகும். ஜூன் மாதத்தில் அந்த அறையில் எல்லோருமே கொஞ்சம் புதியவர்கள். உங்கள் பிள்ளை மட்டும் தனியாகத் தெரியமாட்டாள். இன்னொரு சாதகமும் சேர்ந்திருக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் 2017-18-இல் தொடங்கிய பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-26 முதல் அரசு நிறுத்திவிட்டது. பள்ளியோடு ஒத்துப்போக ஒரு முழு வருடம் கிடைக்கிறது.

ஒன்பதில் சேர்ப்பதென்றால் தமிழை முதலில் பாருங்கள். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். வீட்டில் ஆங்கிலத்திலேயே படித்து, தமிழை வாயால் மட்டும் அறிந்த பிள்ளைக்கு செய்யுளும் இலக்கணமும் கட்டுரையும் சேர்ந்து வந்தால் திகைப்பாக இருக்கும். சேர்வதற்கு ஒரு வருடம் முன்பே எழுத வைத்துவிடுங்கள். பதினொன்றில் முதல் மொழிப்பாடமாகத் தமிழுக்குப் பதில் வேறு மொழி எடுக்கலாம், ஆனால் அந்த மொழியை அந்தப் பள்ளி நடத்த வேண்டும்.

இன்னும் சின்னப் பிள்ளை, எட்டாம் வகுப்போ அதற்குக் கீழோ என்றால் வழி எளிது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளை இதுவரை பள்ளிக்கே போகாவிட்டாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தேவையான சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும் என்கிறது. நுழைவுத் தேர்வும் வைக்கக் கூடாது. இந்தப் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஒன்பதுக்குப் பள்ளிகள் தேர்வு வைக்கும், கேள்வி கேட்கும்.

காகிதங்கள்

வீட்டுக் கல்விக்கென்று நம்மிடம் பதிவு முறை எதுவும் இல்லை. பள்ளி அலுவலகத்தில் இருக்கிற விண்ணப்பத்தில் "முன்பு படித்த பள்ளி" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று எழுத்தருக்கே தெரியாது. அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. அவர் எதைக் கோப்பில் வைக்க முடியுமோ அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றையும் முதலில் எடுத்து வைத்துப் பெயரை ஒப்பிடுங்கள். இனிஷியல்தான் பெரிய தொல்லை. ஒன்றில் 'எஸ். கவின்' என்றும் இன்னொன்றில் 'கவின் செந்தில்' என்றும் இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறுகிற பெயரும் பிறந்த தேதியும் கடைசிவரை கூடவே வரும். அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே சரி செய்துவிட்டால் பிற்பாடு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டாம்.

நடுவில் எப்போதாவது பள்ளியில் படித்திருந்தால், அது மூன்றாம் வகுப்பாகவே இருந்தாலும், அந்த டி.சி.யைத் தேடி எடுங்கள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எனப்படும் மாநில மாணவர் பதிவில் ஓர் எண் உண்டு, மத்திய அரசின் யூடைஸ் பதிவில் தனி எண்ணும் உண்டு. பழைய பள்ளியில் உருவான எண் அங்கேயே தங்கியிருந்தால் புதிய பள்ளியால் பிள்ளையைத் தன் பட்டியலில் ஏற்ற முடியாது. "இவளுக்கு ஏற்கெனவே எமிஸ் நம்பர் இருக்கு, பழைய ஸ்கூல்ல இருந்து விடுவிக்கணும்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பள்ளிக்கே போகாத பிள்ளை என்றால் அதையும் தெளிவாகச் சொல்லுங்கள், புது எண் போடுவார்கள்.

ஒன்பதில் சேர்க்க எந்தச் சான்றும் கையில் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிற எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை 12½ வயது நிறைந்தவர்கள் எழுதலாம். அதில் தேறினால் அரசு தந்த ஒரு தாள் கையில் இருக்கும், அலுவலகத்தில் பேச்சு சுருங்கிவிடும்.

பதினொன்றுக்கு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்து முடித்தவர்கள். இங்கே மூன்று விஷயங்களில் பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும்.

ஒன்று, பாடத் தேர்வு. அங்கே குறைந்தது ஐந்து பாடம் எடுத்தால் போதும், அதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம். சுலபமாகத் தேறட்டும் என்று ஓவியம், மனையியல் என்று எடுத்துவிட்டு, பிறகு பிளஸ் ஒன்னில் முதல் குரூப் கேட்டால் எந்தத் தலைமை ஆசிரியரும் தயங்குவார். பிள்ளையின் மனம் இன்னும் முடிவாகவில்லை என்றால் கணிதத்தையும் அறிவியலையும் விட்டுவிட வேண்டாம். தமிழும் அங்கே இருக்கிறது, எடுத்தால் நல்லது.

இரண்டு, காலம். என்.ஐ.ஓ.எஸ். பொதுத்தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர். ஏப்ரலில் எழுதினால் முடிவு பெரும்பாலும் ஜூன் நடுவிலோ அதற்கும் பிறகோதான் வரும். இங்கே எஸ்.எஸ்.எல்.சி. முடிவு மே மாதமே வந்து, கேட்கிற குரூப்பெல்லாம் நிறைந்துவிடும். அதனால் முந்தைய அக்டோபரிலேயே எழுதி முடித்து, மே மாதம் சான்றிதழோடு போவதுதான் நிம்மதி. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம் என்பதால் திட்டமிட நேரம் இருக்கிறது. ஏப்ரலில்தான் முடியும் என்றால், முடிவு வரும்வரை தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வார்களா என்று மார்ச்சிலேயே போய்க் கேளுங்கள்.

மூன்று, மாற்றுச் சான்றிதழ். மதிப்பெண் பட்டியல் தவிர, இடப்பெயர்வுச் சான்றையும் மாற்றுச் சான்றையும் ஒன்றாக்கி இன்னொரு சான்றிதழை என்.ஐ.ஓ.எஸ். தருகிறது. பள்ளி கேட்கிற டி.சி. அதுதான். இது தெரியாமல் "எங்ககிட்ட டி.சி. கிடையாது சார்" என்று சொல்லித் திரும்பி வந்த பெற்றோர் உண்டு. சில பள்ளிகள் சமநிலைச் சான்று, அதாவது இந்தப் படிப்பு இங்குள்ள பத்தாம் வகுப்புக்குச் சமம் என்கிற சான்று, கேட்கலாம். கேட்பார்களா என்பதை விண்ணப்பம் வாங்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கசப்பான ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பிளஸ் ஒன்னில் அரசுப் பள்ளியில் சேர்வதால் அது கிடைக்காது. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு. யாராவது கிடைக்கும் என்று ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். கல்லூரிச் சேர்க்கையிலும், தமிழ்நாட்டுப் பள்ளியில் தொடர்ந்து படித்த சான்றைக் காட்ட முடியாத பிள்ளைகளிடம் இருப்பிடச் சான்று கேட்பார்கள். தாலுகா அலுவலகத்தில் அதை முன்னாலேயே வாங்கி வையுங்கள்.

டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு காரணமாகத்தான் வீட்டில் படிக்க வைத்தோம் என்கிற பெற்றோர், அதைப் பள்ளியிடம் மறைக்கவே கூடாது. மருத்துவக் குழுவின் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைப் பெற வழியிருக்கிறது. பள்ளி மூலம் விண்ணப்பித்து ஆணை வர நாளாகும் என்பதால் சேர்ந்த முதல் மாதமே தொடங்க வேண்டும்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது

ரிசல்ட் போர்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு செக்‌ஷனில் எத்தனை பேர், மாலை ஸ்டடி எத்தனை மணி வரை, சனிக்கிழமை வகுப்பு உண்டா என்று கேளுங்கள். இரவு ஏழு வரை உட்கார வைக்கிற பள்ளி, வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு முதல் வருடத்தில் ஒத்துவராது. பெண் பிள்ளை என்றால் கழிவறையைக் கட்டாயம் போய்ப் பாருங்கள். கழிவறை மோசமாக இருந்தால் பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை, இது எல்லா ஊரிலும் நடக்கிறது.

தலைமை ஆசிரியரிடம் பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். "வீட்டுல என்ன படிச்சே?" என்று பிள்ளையைப் பார்த்துக் கேட்கிறாரா, அல்லது உங்களைப் பார்த்து "ஏன் ஸ்கூலுக்கு அனுப்பலை?" என்று மட்டும் கேட்கிறாரா? முதல் வகையினர் இருக்கிற பள்ளியில் கட்டடம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. பிள்ளை செய்த வேலைகளில் நல்லதாக நான்கைந்தை ஒரு கோப்பில் போட்டுக் கொண்டுபோங்கள்: எழுதிய கட்டுரை, செய்த கருவியின் படம், படித்த புத்தகங்களின் பட்டியல். கோப்பு மெலிதாக இருக்கட்டும், தடியாக இருந்தால் யாரும் புரட்டமாட்டார்கள்.

சேர்வதற்கு முந்தைய மூன்று மாதங்கள்

இதுதான் முக்கியமான பகுதி. தேவைப்படுவது ஒரு கேள்வித்தாள், ஒரு கடிகாரம், கோடு போட்ட தாள்.

மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புக் கணிதத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் கேள்வி 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. ஆக 36 விடைகள். எழுத 3 மணி நேரம், அதற்கு முன் வினாத்தாளைப் படிக்க 10 நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம். வீட்டில் படித்த பிள்ளை ஒரு நல்ல கணக்கைக் காலையில் எடுத்து, மூன்று விதமாகப் போட்டுப் பார்த்து, மத்தியானம் சாப்பிடும்போதும் அதையே பேசிக்கொண்டிருக்கும். அது அருமையான பழக்கம். ஆனால் இந்தத் தாளில் ஒரு கணக்கில் அரைமணி நேரம் தங்கினால் ஐந்தாறு விடைகள் போய்விடும். "தெரியலைன்னா விட்டுட்டு அடுத்ததுக்குப் போ" என்பதை நாம் வாயால் சொன்னால் வராது. கடிகாரத்தை வைத்துப் பழக்கினால்தான் வரும்.

கையை மெதுவாகப் பழக்குங்கள். முதல் வாரம் தினமும் அரைமணி, பிறகு ஒரு மணி, அப்புறம் ஒன்றரை. மூன்று மணி நேரத் தாளுக்கு இரண்டாம் மாதக் கடைசியில் போனால் போதும். கணினியிலேயே எழுதி வளர்ந்த பிள்ளைக்குக் கட்டைவிரல் அடியில் வலி எடுக்கும், எழுத்து கோணும். பேனாவை மாற்றிப் பாருங்கள், அழுத்தாமல் எழுதுகிற பேனா வலியைப் பாதியாகக் குறைக்கும்.

விடைத்தாளின் வடிவத்தையும் காட்டிக்கொடுங்கள். இடது பக்கம் மார்ஜின், அதில் கேள்வி எண், ஒரு விடைக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி, படத்துக்குப் பென்சில், முக்கியச் சொல்லுக்கு அடிக்கோடு. கணக்கில் சூத்திரம் எழுதி, மதிப்புகளைப் போட்டு, படிப்படியாக வந்து, கடைசி விடையை அலகோடு எழுத வேண்டும். விடையை மனக்கணக்கில் கண்டுபிடித்து நேராக எழுதிவிடுகிற கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஐந்துக்கு இரண்டுதான் விழும். திருத்துகிறவர் கையில் இருக்கிற விடைக்குறிப்பில் ஒவ்வொரு படிக்கும் தனித்தனி மதிப்பெண் இருக்கிறது. இந்தக் காரணத்தைச் சொன்னால் பிள்ளை புரிந்துகொள்ளும். "ரூல்ஸ் அப்படித்தான்" என்று மட்டும் சொன்னால் இந்தப் பிள்ளைகள் ஏற்கவே மாட்டார்கள், காரணம் கேட்டே வளர்ந்தவர்கள்.

பாடப் புத்தகங்களைத் தமிழ்நாடு பாடநூல் கழகத் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சி.பி.எஸ்.இ. என்றால் என்.சி.இ.ஆர்.டி. தளம். இந்த மூன்று மாதத்தில் வரும் வருடத்துப் பாடத்தை முடித்துவிடப் பார்க்காதீர்கள். முந்தைய வகுப்புப் புத்தகத்தில் பாடத் தலைப்புகளை வரிசையாகப் படித்து, எது தெரியும், எது காதில் விழவே இல்லை என்று பென்சிலில் குறித்தால் போதும். அறிவியல் நன்றாக வருகிற பிள்ளைக்கு வரலாறு, குடிமையியலில் பெரிய ஓட்டை இருக்கும். ஓட்டையை மட்டும் அடையுங்கள்.

எழுந்திருக்கும் நேரத்தை ஒரேயடியாக மாற்ற வேண்டாம். எட்டரைக்கு எழுகிற பிள்ளையை வாரம் அரைமணி என்று முன்னால் நகர்த்தினால் இரண்டு மாதத்துக்குள் ஆறு மணிக்கு வந்துவிடலாம். டிபன் பாக்ஸில் சாப்பிடவும் பழக்குங்கள். ஆறிய சாதத்தை இருபது நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்க இவர்களுக்கு வருவதில்லை. முதல் மாதம் பசியோடு வீடு திரும்புகிற பிள்ளைகள் பலர், அந்தப் பசிதான் மாலையில் கோபமாக வெளிவரும்.

முதல் சில வாரங்கள்

வகுப்பில் நுழைந்ததும் வருகிற கேள்வி, "நீ எந்த ஸ்கூல்?" இதற்கு விடை தயாராக இருக்கட்டும். "வீட்டுல இருந்தே படிச்சேன், டென்த் ஓபன் ஸ்கூல்ல எழுதினேன்." அவ்வளவு போதும். வெட்கப்பட்டுப் பொய் சொன்னால் ஒரு வாரத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஹோம்ஸ்கூலிங்கின் பெருமையை விளக்க ஆரம்பித்தால் தலைக்கனம் என்று பெயர் வரும். "ஜாலியா இருந்திருக்குமே!" என்று யாராவது சொல்வார்கள், "சில நாள் ஜாலி, சில நாள் போர்" என்று உண்மையைச் சொன்னால் பேச்சு தானாக வளரும்.

பள்ளிக்குள் எழுதப்படாத பழக்கங்கள் நிறைய. ஆசிரியர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பது, வெளியே போக அனுமதி கேட்பது, வருகைப்பதிவில் பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுப்பது, அசெம்ப்ளியில் தமிழ்த்தாய் வாழ்த்தைக் கூடவே பாடுவது. மற்ற பிள்ளைகள் எல்.கே.ஜி.யிலிருந்தே இவற்றைச் செய்கிறார்கள், அதனால் யாரும் சொல்லித்தரமாட்டார்கள். நீங்கள் ஒரு மாலை உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்பது பற்றி ஆசிரியையாக ஒரு வார்த்தை. வீட்டில் படித்த பிள்ளை "அது ஏன் மிஸ் அப்படி?" என்று பாடத்தின் நடுவில் கேட்கும். எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் 45 நிமிடத்தில் இன்றைய பகுதியை முடிக்க வேண்டிய ஆசிரியருக்கு, மூன்றாவது "ஏன்" வரும்போது முகம் மாறலாம், பின் பெஞ்சில் சிரிப்பும் எழலாம். அந்தச் சிரிப்பில் வாயை மூடிக்கொண்டு வருடம் முழுக்கத் திறக்காமல் போகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. பிள்ளையிடம் இப்படிச் சொல்லுங்கள்: வகுப்பில் ஒரு கேள்வி கேள், மீதியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வை, இடைவேளையில் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்க் கேள். அங்கே வந்து கேட்கிற பிள்ளையைத் திருப்பி அனுப்புகிற ஆசிரியர் அபூர்வம்.

மதிய உணவு இடைவேளைதான் நாளிலேயே கடினமான நேரம். யார் பக்கத்தில் உட்காருவது என்று தெரியாமல் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது பெரிய வேதனை. முதல் நாள் பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்தாரோ அவரிடமே "நானும் உன்கூட சாப்பிடலாமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடுதலாகப் பொரியலோ வறுவலோ கட்டிக் கொடுங்கள், பகிர்ந்து சாப்பிட்டால் பேச்சு வரும். நண்பர்கள் அமையக் காலாண்டு வரை ஆகலாம். தினமும் சாயங்காலம் "ஃபிரண்டு கிடைச்சாளா?" என்று கேட்டுக் குடையாதீர்கள்.

"எந்த ஊரு, எந்தத் தெரு?" என்ற கேள்வி சில இடங்களில் சாதியை அறிவதற்காக வரும். கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்துக்கும் அதே அர்த்தம் உண்டு. பள்ளிகளில் சாதி மோதல்களைத் தடுக்க ஆலோசனை சொன்ன ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. வீட்டுக்குள் வளர்ந்த பிள்ளைக்கு இது எதுவும் தெரிந்திருக்காது, அழகாக இருக்கிறதே என்று ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டுவிடும். முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்: யாரையும் அப்படிக் கேட்கக் கூடாது, அந்த வட்டங்களில் சேரவும் கூடாது என்று.

பெற்றோர் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. "இதுக்குத்தான் சொன்னேன், ஸ்கூல்னா இப்படித்தான்" என்று பள்ளியைப் பற்றிப் பிள்ளை முன்னால் இளக்காரமாகப் பேசாதீர்கள். வீட்டில் படிக்க வைத்த உங்களுக்குப் பள்ளி மேல் நியாயமான விமர்சனங்கள் இருக்கும். அவற்றைப் பிள்ளை தூங்கிய பிறகு பேசிக்கொள்ளுங்கள். தானே விரும்பிப் போன இடத்தைப் பற்றி வீட்டில் குறை சொல்ல முடியாமலும், அங்கே பட்ட கஷ்டத்தைப் பகிர முடியாமலும் பிள்ளை நடுவில் மாட்டிக்கொள்ளும்.

மதிப்பெண் வரும்போது

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. மதிப்பெண் குறைவாக வரும் என்று இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் தேர்ச்சிக்கு 100-க்கு 35. இயற்பியலை ரசித்துப் படிக்கிற பிள்ளை 41 வாங்கி வரலாம். பதறி டியூஷனில் சேர்க்காமல், விடைத்தாளை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். தெரியாமல் விட்டது எவ்வளவு, தெரிந்தும் நேரம் போதாமல் விட்டது எவ்வளவு, எழுதிய முறையால் போனது எவ்வளவு என்று மூன்றாகப் பிரியுங்கள். முதல் வகைக்கு மட்டும்தான் பாடம் சொல்லித்தர ஆள் வேண்டும். மற்ற இரண்டும் டிசம்பரில் அரையாண்டு வருவதற்குள் பழக்கத்தில் சரியாகக் கூடியவை.

ரெகார்டு நோட்டை மட்டும் அசட்டையாக விடாதீர்கள். செய்முறைப் பாடங்களில் எழுத்துத் தேர்வு 70 தான், செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. வாராவாரம் எழுதி கையெழுத்து வாங்கிவிட்டால் சுமையே இல்லை. சேர்த்து வைத்து ஜனவரியில் எழுதுகிற பிள்ளைகள் அழுவதைப் பார்த்திருக்கிறேன். அகமதிப்பீட்டில் வருகைக்கும் மதிப்பெண் உண்டு, சி.பி.எஸ்.இ.யில் 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வே எழுத விடமாட்டார்கள். வீட்டில் இருந்தபோது நினைத்த நேரம் ஊருக்குக் கிளம்பிய குடும்பங்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

வீட்டில் படித்த காலத்தில் பிள்ளை உயிராகச் செய்த ஒரு விஷயம் இருக்கும்: வயலின், மரவேலை, பறவை பார்ப்பது, நிரல் எழுதுவது. பள்ளி தொடங்கியதும் முதலில் பலியாவது அதுதான். ஞாயிறு காலை இரண்டு மணி நேரமாவது அதை விடாமல் காப்பாற்றுங்கள். வாரம் முழுக்க வகுப்பில் 'புதுப் பையன்' ஆக இருக்கிறவனுக்கு, தான் கெட்டிக்காரனாக இருக்கிற இடம் ஒன்று தேவைப்படுகிறது.

ஒத்துவரவில்லை என்றால்

சோர்வும் பயமும் வேறு வேறு. சோர்வு ஞாயிறு தூக்கத்தில் குறையும். பயம் ஞாயிறு சாயங்காலம் வயிற்றுவலியாக வரும். சாப்பாடு குறைந்து, பிடித்த வேலையிலும் மனம் போகாமல், பள்ளிப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். வகுப்பாசிரியரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். அடிப்பதோ அவமானப்படுத்துவதோ நடந்தால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அங்கே நடவடிக்கை இல்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டுக்கும் பேசலாம். மனநல ஆலோசனைக்கு 14416.

அப்படி ஒன்றும் இல்லை, வெறுமனே பிடிக்கவில்லை என்றால் காலாண்டு விடுமுறை வரை பொறுத்துப் பார்ப்போம் என்று பிள்ளையோடு சேர்ந்து ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கும் வேண்டாம் என்றால் அந்த முடிவை மதியுங்கள். திரும்புவதற்கு வழி இருக்கிறது. பள்ளியில் முறையாக டி.சி. வாங்கிக்கொண்டு, என்.ஐ.ஓ.எஸ்.ஸில் மேல்நிலைக்குப் பதிவு செய்யலாம். ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து வருடம் செல்லும், ஒன்றிரண்டு பாடமாகப் பிரித்தும் எழுதலாம். எமிஸில் பெயர் விடுவிக்கப்பட்டதா என்று மட்டும் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.